விரிப்பில் தெரிந்த மடிப்பு

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவளுக்கு, நூலக மாடியில் ஞாயிறுதோறும் கூடும் வாசகர் வட்டத்தில் மௌனச்சாமி என்று பெயர். மூன்று மாதமாகப் போகிறாள், வாயைத் திறந்ததில்லை.

"மரம் மாதிரி உக்காந்துட்டு வர்றதுக்கு வீட்லயே உக்காரலாமே அண்ணி?" என்றாள் நாத்தனார். அது சுருக்கென்று தைத்தது. இன்றும் பேசாவிட்டால் இனிப் போவதில்லை என்ற முடிவோடுதான் படியேறினாள்.

அன்று ஒரு பழைய நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் அலசினார்கள். கடல் கடந்து போன கணவனை எதிர்பார்க்கவில்லை என்றே நாவலின் நாயகி எல்லோரிடமும் சொல்கிறாள். படத்தின் கடைசியில், வெள்ளை விரிப்புப் போட்ட மேசை முன் தனியாக அமர்ந்திருக்கிறாள். அது பெல்ஜியப் பகுதியின் பழைய ஃபிளெமிஷ் ஓவியம் ஒன்றைப் பார்த்து அமைத்த காட்சி என்று நூலகர் இரண்டையும் திரையில் அருகருகே காட்டினார்.

"மேசையில ஒரு தட்டுகூட இல்லை. அவன் வருவான்ங்கிற நம்பிக்கையை விட்டுட்டா," என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

கடைசி வரிசையிலிருந்து இவள் எழுந்தாள். "இல்லைங்க சார்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"விரிப்புல கட்டம் கட்டமா மடிப்புத் தெரியுது பாருங்க. ஓவியத்துலயும் இருக்கு. தினம் போடுற துணியில அந்தக் கோடு நிக்காது. பெட்டியில இருந்ததை இப்பத்தான் எடுத்து விரிச்சிருக்கா. தனக்குன்னு யாருங்க நல்ல விரிப்பை எடுப்பா? அவ காத்துட்டுத்தான் இருக்கா."

ஆசிரியர் எழுந்துபோய்த் திரையை உற்றுப் பார்த்தார். "பத்துத் தடவை பார்த்த படம். கண்ணை எங்க வெச்சிருந்தேனோ! நீங்க முன்னாடி வந்து உக்காருங்கம்மா."

வீட்டில் நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னிக்காவது பேசினீங்களா?"

"பேசினேன். அடுத்த வாரம் நீயும் வா. உன் வாய்க்கு அங்க நல்ல வேலை இருக்கு."