கண்மாய்க் கரையில் தொழுதவர்

நேற்றுக் காலை கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் மோதினார் வந்து, "நம்ம யூசுப் பாய் மவுத்தாயிட்டாங்க" என்றார். சாவுச் செய்தி கேட்டதும் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

கட்டுமாவடியில் என் தையல் கடையில் பதினேழு வருடம் எனக்குப் பக்கத்து மிஷினில் தைத்தவர் யூசுப் பாய். கீரமங்கலத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தவர். நாடு விடுதலை பெற்ற மறு வருடம், தாமாகவே இஸ்லாத்துக்கு வந்தார்.

வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் பயந்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது முழங்கை நனைந்ததா என்று மூன்று முறை பார்ப்பார். தொழுகையில் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தே குனிவார், நிமிர்வார். ஒருநாள் கடைக்குள், நண்பகல் லுஹர் தொழுகையில், நான்கு ரக்அத் தொழ வேண்டியதை நான் ஞாபகப் பிசகாக மூன்றாம் ரக்அத்திலேயே முடித்துவிட்டேன். அவரும் முடித்தார்.

"ஒங்களையே பாத்துத் தொழுதேன் பாய். இது சேருமா, சேராதா?"

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. பிறப்பிலேயே முஸ்லிமான நான் சாப்பிட்டேன்.

மூன்றாம் வருடம் அவருடைய தம்பி கடை வாசலில் வந்து நின்றார். "அப்பா போயிட்டாக. நீ வந்து கொள்ளி வச்சாத்தான் எடுப்போம்ங்கிறாங்க. வராட்டி வெட்டிப் போட்டுருவோம்னு பங்காளிக பேசுறாங்கண்ணே."

யூசுப் பாய் மிஷினை நிறுத்தினார். "கூட வாரீங்களா பாய்?" என்று மட்டும் கேட்டார். அறந்தாங்கியில் பஸ் மாறி ஊர் போய்ச் சேரும்வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

தொப்பியோடு அவரைக் கண்டதும் கூட்டம் எழுந்தது. "அதைக் கழட்டிட்டு உள்ள வா" என்றார் ஒருவர். என் கால்கள் பஸ் ரோட்டைத் தேடின.

"கொள்ளியத் தம்பி வைக்கட்டும். என்னால அது ஆகாது. எங்கப்பாவ நான் தூக்கிட்டு வாரேன்" என்றார் யூசுப் பாய். குரல் உடைந்துவிட்டது.

கடைசியில் அவருடைய தாய்மாமன், "பெத்த அப்பனத்தானே தூக்குறான். விடுங்கப்பா" என்றார். சுடுகாடுவரை யூசுப் பாய் தோள் மாற்றவில்லை.

திரும்பும் வழியில் லுஹர் நேரம். பங்காளிகள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். யூசுப் பாய் கண்மாயில் இறங்கி ஒளுச் செய்தார். கரையில் துண்டை விரித்தார். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். தொழவில்லை. வந்தவர்கள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"பயமில்லையா?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"இல்லாமலா? சூராவே மறந்துபோச்சு. முதல்லேருந்து ஓதினேன்."

நான் தொழாததைப் பற்றி அன்றும் சரி, பிறகும் சரி, அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன வாரம் படுக்கையில் கிடந்தவர் என்னை அருகே அழைத்தார். "ஒருக்கா ஓதுறேன். தப்பிருந்தா சொல்லுங்க. அங்க போயி நிக்கப் பயமாருக்கு." மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் அல்ஹம்து சூராவை ஓதினார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் அவரை அடக்கினோம். மண் தள்ளி, தண்ணீர் தெளித்து, எல்லோரும் கலைந்துவிட்டார்கள். ஈர மண்ணருகே உட்கார்ந்து, அன்று அவர் படுக்கையருகே வாயில் வராததைச் சொன்னேன்:

ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை, யூசுப் பாய். பயப்படாமல் போங்கள்.