கழுவிவிட்டு வந்தவள்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பளிச்சு என்று பெயர். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளில் கறை எடுப்பது அவள் வேலை. மற்ற விஷயத்தில் வாயில்லாப் பூச்சி. கறை என்று வந்துவிட்டால் எமகாதகி.

சுகாதார நிலையத்தில் எடுத்த சோதனையில், அவளுடைய கருப்பை வாயில் எச்.பி.வி. என்ற கிருமி இருப்பது தெரிந்தது.

"நிறையப் பேருக்கு வர்றதுதாம்மா. பெரும்பாலும் தானாப் போயிடும்," என்றாள் நர்ஸ். "உங்களுக்கு வந்திருக்கறது கொஞ்சம் பொல்லாத வகை. அங்க ஏதாவது வேலை காட்டியிருக்கான்னு செல் எடுத்துப் பாத்துடணும். கவனிக்காம விட்டா புத்துநோயா மாறலாம்."

வீட்டில், லாரி ஓட்டும் புருஷன் ஒரே கேள்விதான் கேட்டான். "யார்கிட்டேர்ந்து வந்துச்சு?"

"பல வருஷம் சத்தமில்லாம உள்ள இருக்குமாம். யாரு குடுத்தான்னு யாராலயும் சொல்ல முடியாதாம்."

"இது ஒரு பதிலா?"

"உன்கிட்ட வேற பதில் இருந்தா நீயே சொல்லு."

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. தட்டை நகர்த்துகிற சத்தம் மட்டும் மிச்சம்.

செல் எடுக்கிற நாளில், சலவைக்கூட மேஸ்திரியிடம் தலைவலி என்று பொய் சொல்லி அரைநாள் விடுப்பு வாங்கினாள். புறப்படுமுன், குளியலறையில் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து உள்ளே வரை கழுவினாள். எரிந்தது. பொறுத்துக்கொண்டாள். ஒருத்தர் பார்க்கப்போகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா?

சுகாதார நிலையத்துக் கட்டிலில் படுத்ததும் நர்ஸுக்கு வாசனை தெரிந்துவிட்டது.

"உள்ள மருந்து போட்டுக் கழுவினீங்களா?"

"ஆமா சிஸ்டர். அழுக்கோட வரலாமா?"

"எனக்கு வேண்டிய செல்லையும் சேத்துக் கழுவிட்டீங்களே. இப்ப எடுத்தா சரியாத் தெரியாது. அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் உள்ள எதுவும் போடாதீங்க, வெளியில தண்ணி போதும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

நர்ஸ் கையுறையைக் கழற்றினாள். பளிச்சுக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அதே சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற நாத்தனார் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "உடம்பென்ன பெட்ஷீட்டா அண்ணி, பிளீச் போட?"

"சிரிடி. நாளைக்கு உன்னையும் அங்க படுக்கச் சொல்லுவாங்க."

அடுத்த வாரம் இன்னொரு தலைவலி. மருந்து போட்டுக் கழுவாமல் போனதில், கட்டிலில் முள்மேல் படுத்ததுபோல் கிடந்தாள். சோதனை முடிந்தது. முடிவு வந்ததும் நர்ஸ் அவளை உட்கார வைத்துப் பேசினாள்.

"இது புத்து இல்லம்மா. ஆனா செல் மாற ஆரம்பிச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரில கருவி வெச்சுப் பாத்து, தேவைப்பட்டா அந்த இடத்தை மட்டும் எடுத்துடுவாங்க. இப்பவே போனா நல்லாயிடும். தள்ளிப் போடாதீங்க."

நல்ல சேதிதான். ஆனாலும் இன்னொரு வரிசை, இன்னொரு விடுப்பு. அவள் நேராக மேஸ்திரி முன்னால் போய் நின்றாள்.

"மறுபடியும் தலைவலியா?" என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி.

"இல்ல. கருப்பை வாய்ல கோளாறு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

இஸ்திரி போடுகிறவர்களின் கைகள் நின்றன. மேஸ்திரி தரையைப் பார்த்தார். "இதையெல்லாம் ஏம்மா இங்க வந்து சொல்ற?"

"லீவு கேட்டா காரணம் கேக்குறீங்க. காரணம் சொன்னா காதைப் பொத்திக்கிறீங்க. இந்தத் தடவை அரைநாள் பத்தாது. முழு நாள் போட்டுக்கோங்க."

அவர் தலையாட்டுகிறாரா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.