முகத்துக்குக் கரண்ட் பிடித்த நாட்கள்

மகள் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று காலைத் தேத்தண்ணியைக் குடித்தேன். இடது கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. துடைத்துவிட்டு மறுபடி குடித்தேன். மறுபடியும் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால், முகத்தின் இடது பாதி தொங்கிப்போய்க் கிடந்தது. கண்ணை மூடினேன், வலது கண் மட்டும்தான் மூடியது.

"உம்மா" என்று கூப்பிட்டேன். உதடு பொருந்தாமல் அது வேறு ஏதோ சத்தமாக வந்தது.

உம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தா. "குளிர் காத்து அடிச்சிட்டு புள்ள. ஃபேனுக்குக் கீழ படுக்காத எண்டு எத்தின தரம் சொன்னன்?"

இரண்டு நாள் எண்ணெய் தடவியும் ஓதின தண்ணீர் குடித்தும் பார்த்தோம். மூன்றாம் நாள்தான் கல்முனையில் டொக்டரிடம் போனோம். முகத்து நரம்பு வீங்கியிருக்கு, இன்னும் முந்தி வந்திருக்கலாம் என்றார். குளிசை தந்தார், கண் காயாமல் இருக்கத் துளி மருந்து தந்தார், படுக்கும்போது கண்ணிமையை பிளாஸ்டர் போட்டு ஒட்டச் சொன்னார். "அநேகமான ஆக்களுக்குத் தானா மாறும். பயப்படாதீங்க."

எனக்கு மாறவில்லை. பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்து மறுபடி தொழத் தொடங்கியபோது 'பிஸ்மி' சொல்லக்கூட உதட்டை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அதைச் சொல்லவும் அப்படித்தான். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் உதடு.

அதற்குப் பிறகுதான் டொக்டர், "கரண்ட் பிடிச்சுப் பாப்பம்" என்று ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பகுதிக்கு அனுப்பினார். அங்கே கரண்ட் பிடிக்கும் மிஸ், கல்முனைத் தமிழ்ப் பிள்ளை, என்னைவிட இளையவ. மெசினின் வயர் பூட்டிய ஈரப் பஞ்சுத் துண்டு ஒன்றை என் கையில் கட்டினா. பேனை மாதிரி ஒரு கோலின் நுனியை நனைத்துக் கன்னத்தில் வைத்தா. நாக்கில் இரும்பு ருசி வந்தது. கண்ணுக்குள் ஏதோ மின்னியது. கன்னம் துள்ளியது.

"நோகுதா அக்கா?"

"இல்ல."

"கண்ணாடியப் பாத்துக்கொண்டு நீங்களும் சேந்து சிரிங்க."

அவ கோலை வைத்தால் உதட்டோரம் மேலே போகும். எடுத்தால் விழும். என் பலத்தையெல்லாம் கூட்டிச் சிரித்துப் பார்த்தேன். கோல் இல்லாத நேரத்தில் ஒரு மயிரளவும் அசையவில்லை. கதவோரம் பிள்ளையோடு இருந்த உம்மா, என் கன்னம் துள்ளுவதைப் பார்க்க ஏலாமல் எழும்பி வெளியே போய்விட்டா.

கட்டாரில் சாரதியாக இருக்கும் என் மாப்பிள்ளை, மகளின் வாப்பா, ஒவ்வொரு பின்னேரமும் போனில் வருவார். நான் பிள்ளையை மட்டும் காட்டுவேன்.

"உங்கட முகத்தையும் காட்டுங்களன்."

"புள்ளயப் பாருங்க."

ஒருநாள் உம்மா எனக்குச் சொல்லாமல் போனை என் முகத்துப் பக்கம் திருப்பிவிட்டா. அவர் போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். மறுகா, "நான் வரவா?" என்று கேட்டார்.

"வந்து என்ன செய்யப் போறீங்க?"

போனைத் திரும்பவும் பிள்ளைக்கு நேராகப் பிடித்தேன்.

அந்தக் கிழமைதான் மகள் முதல் முதலாகச் சிரித்தாள். பால் குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வலது பக்கம் இழுபட்டுக்கொண்டு போனது, இடது பக்கம் அப்படியே கிடந்தது. அவளுடைய சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பவளைப் போல என்னைப் பார்த்தாள். நான் இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு மறுபடி சிரித்துக் காட்டினேன். அதற்குள் அவள் முகத்தைத் திருப்பிவிட்டாள்.

முகம் தொங்கி நாலாம் மாதம் புருவம் லேசாக அசைந்தது. பிறகு உதடு. "கரண்ட் பிடிச்சதாலயா டொக்டர்?" என்று கேட்டேன். "அதாலயா, தானா வந்ததா எண்டு என்னால சொல்லேலா" என்றார். மிஸ்ஸுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "வந்திட்டுத்தானே அக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டா.

ஆனால் வந்தது சரியாக வரவில்லை. நான் சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். நரம்பு திரும்பி வளரும்போது வழி மாறிப் போயிருக்கு என்றார் டொக்டர். கரண்டை நிறுத்தச் சொன்னார்.

இப்போது மகளுக்கு இரண்டு வயது. சிரிக்கும்போது அவளும் இடது கண்ணை மூடுகிறாள். அதை முதலில் கண்ட அன்று பதறிப்போய் டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். டொக்டர் அவளுக்கு விளையாட்டுக் காட்டி, சிரிக்க வைத்து, அழவும் வைத்துப் பார்த்தார். "புள்ளைக்கு ஒண்டுமில்ல. உங்களப் பாத்துப் பழகியிருக்கா."

வீட்டுக்கு வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். "ரெண்டு கண்ணையும் திறந்துகொண்டு சிரிங்க மகள்" என்றேன்.

அவள் என் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். எப்படி என்று நான்தான் காட்ட வேண்டும்.