போஸ்டரில் இருந்த வயிறு

1. திரும்பி வந்த நாள்

நீண்ட லீவுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய காலையில் என் முதலாளி என்னைப் பார்த்து, "நியமய், மாஸ்டர், நியமய்!" என்று சிங்களத்தில் கூவினார். பிரமாதம் என்று அர்த்தம்.

எங்கள் ஜிம் யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. முதலாளி பந்துல மாத்தயா, சிங்களவர். கோபம் வந்தால் சிங்களத்திலும், வேலை ஆகவேண்டுமென்றால் தமிழிலும் பேசுவார். நான் அங்கே இன்ஸ்ட்ரக்டர். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, கொழும்பில் கோர்ஸ் படித்துத் திரும்பியவன். வயது நாற்பத்தாறு.

ஊரில் ஒரு காரியம் என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தேன். உண்மையில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பெருங்குடல் முழுக்கப் புண். கொலைட்டிஸ் என்றார் டாக்டர். யாருக்கும் தொற்றாது, முழுதாகக் குணமாகவும் மாட்டாது, மாத்திரையோடு காலம் தள்ள வேண்டும், அடங்கியிருக்கும், திடீரென்று கிளம்பும் என்று விளக்கினார். ரத்தமாகப் போய்ப் போய் உடம்பு பாதியாகியிருந்தது. இது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

முதலாளி என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, டீ-சேர்ட்டை மேலே தூக்கிப் பார்த்தார்.

"தொந்தி எங்க போச்சு மாஸ்டர்? என்ன செஞ்சீங்க?"

"சாப்பாட்டக் கொறைச்சேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வாரம் மாடிப்படியில் ஒரு போஸ்டர் தொங்கியது. இடப்பக்கம் பழைய நான், தொந்தியோடு. வலப்பக்கம் புதிய நான், தட்டையான வயிற்றோடு. கீழே சிங்களத்திலும் தமிழிலும், 'உங்களாலும் முடியும்.' அந்த மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களை நிற்க வைக்க ஹாலில் இடம் போதவில்லை. நான் தினமும் அந்தப் போஸ்டரைத் தாண்டித்தான் மேலே ஏறினேன். பார்க்காமல் ஏறப் பழகிக்கொண்டேன்.

2. மாஸ்டருடைய பிளாங்க்

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். கிளாஸ் எடுப்பவன் எங்கேயும் போக முடியாது. மற்ற வேலைகளில் ஐந்து நிமிஷம் எழுந்து போகலாம். எங்கள் வேலையில் இருபது பேர் நம் காலையும் கையையும் பார்த்துத்தான் தங்கள் காலையும் கையையும் ஆட்டுவார்கள்.

அதனால் நான் கிளாஸை வயிற்றுக்கு ஏற்றபடி அமைத்தேன். கிளாஸுக்கு முன்னால் ஒன்றும் சாப்பிடுவதில்லை. கறுப்பு ட்ராக் பாட்டம் மட்டும்தான். பையின் அடி அறையில் மாற்று உடுப்பு, பொலித்தீன் பை, டிஷ்யூ. வோர்ம்-அப் முடிந்ததும் வயிறு பிடிக்கத் தொடங்கும் என்பது தெரிந்ததால் அங்கே பிளாங்க் வைத்தேன். பிளாங்க்கில் எல்லோரும் முழங்கையை ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். "தலையத் தூக்கக் கூடாது! தூக்கினா திரும்ப மொதல்ல இருந்து!" என்று சத்தம் போட்டு, பாட்டைக் கூட்டி வைத்துவிட்டு டொய்லெட்டுக்கு ஓடுவேன். திரும்பி வரும்போது பாதிப் பேர் விழுந்திருப்பார்கள். மிச்சப் பேர் நடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

"மாஸ்டர் கொல்லுறார்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஒருநாள் பேக்கரிக்காரப் பையன் ஒருவன் தரையைப் பார்த்தபடியே, "மாஸ்டருக்கு இந்த நேரத்துலதான் போன் கோல் வரும். யாரு மாஸ்டர் அந்த அக்கா?" என்று கேட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கள்ளக் காதல் என்று நினைத்தால் நினைக்கட்டும், அது இதைவிட கௌரவம் என்று எனக்குத் தோன்றியது. என் வெட்கம் எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதற்கு அதுவே அளவு.

3. பிள்ளைக்காம்பரா கிளாஸ்

சனிக்கிழமைகளில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு கிளாஸ். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டு நடத்துவோம். அங்கேதான் அந்தோணி வந்து சேர்ந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும், நல்ல தொந்தி. மனைவி பிலோமினாவும் கூட வந்தார், உடற்பயிற்சிக்காக இல்லை, புருஷன் செய்வதைப் பார்த்துச் சிரிப்பதற்காக.

"கிளினிக்குல சீனி வியாதி இருக்குன்னுட்டாங்க மாஸ்டர். ஒடம்பக் கொறைக்கச் சொல்றாங்க" என்றார் அந்தோணி. "பஜாருல ஒங்க படத்தப் பார்த்தேன். நீங்களும் நம்ம லயத்துல பொறந்த ஆளுதானே? ஒங்களுக்கு ஏலும்னா எனக்கு ஏலாதா?"

"இவருக்கு மாடிப்படி ஏறவே ஏலாது மாஸ்டர்" என்றார் பிலோமினா.

"நீ சும்மா இரு. நீங்க என்னாங்க மாஸ்டர் சாப்பிடுறீங்க? அத மட்டும் சொல்லுங்க."

நான் சொன்னேன். காலையில் ஒன்றும் இல்லை. பகலில் கொஞ்சம் கஞ்சி. ராத்திரி மசித்த உருளைக்கிழங்கு, இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் கஞ்சி. காய்கறி இல்லை, பருப்பு இல்லை. சொன்னது அத்தனையும் உண்மை. அது ஒரு நோயாளியின் பத்தியம் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. சுற்றிலும் பெண்கள் நின்றார்கள், தொழிலாளிகள் நின்றார்கள், வயிறு சம்பந்தப்பட்ட அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

அந்தோணி ஒரு மாதத்தில் இளைத்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்து காட்டினார். நான் கை தட்டினேன்.

4. ரப்பர் மலையில்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பிலோமினா ஜிம் படியேறி வந்தார். வேலைக்குக் கட்டிய பழைய சேலை, காலில் செருப்பில்லை. கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றே பேசினார்.

"அவரு மலையில விழுந்துட்டாரு மாஸ்டர்."

பால் வெட்டுகிறவர்கள் விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். பெரும்பாலும் ஒரு பிளேன்டியோடு, வெறும் தேநீரோடு போய், பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவந்த பிறகுதான் சாப்பாடு. அந்தோணி அந்தச் சாப்பாட்டையும் நிறுத்தியிருந்தார். சாப்பாட்டோடு போடச் சொன்ன சீனி மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. பால் வாளியோடு சரிவில் இறங்கும்போது சீனி அளவு குறைந்து, வேர்த்து, கண் இருண்டு, உருண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் பேச்சு வந்ததாம்.

"தலையெல்லாம் பால் ஒறஞ்சு போச்சு. சீப்பு எறங்கல. கத்திரிக்கோலால வெட்டித்தான் எடுத்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்பவும் சாப்பிட மாட்டேங்குறாரு மாஸ்டர். டாக்டர் ஏசுறாரு, நர்ஸ் மிஸ்ஸி ஏசுறாங்க. அவுங்கள ஏமாத்திட்டு சோத்த எனக்கே திருப்பித் தர்றாரு. மாஸ்டர் சாப்பிடாமத்தானே நடமாடுறாருங்குறாரு. வீட்டுக்கு விட்டாங்கன்னா திரும்ப அதே வெறும் வயித்தோட மலைக்குப் போவாரு. அடுத்த தடவ யாரும் பார்க்காத எடத்துல விழுந்தா நான் என்னா செய்றது? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

5. வார்டில் சொன்னது

பகலில், நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்துக்குப் போனேன். அந்தோணி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையில் அங்கங்கே முடி இல்லை. பிலோமினா சோற்றுப் பார்சலைப் பிரித்து முன்னால் வைத்திருந்தார். சோறு, பருப்பு, கீரைச் சுண்டல்.

"சாப்பிடுங்க அந்தோணி" என்றேன்.

"வேணாம் மாஸ்டர். வாளி கவுந்து போச்சு. அன்னைக்கு அரைப் பேர்தான் போட்டிருக்காங்க, பாதிச் சம்பளம். இந்தப் பாட்டுக்குப் பொறகு தொந்திய விட்டுட்டா அம்புட்டும் வீண்தானே?"

"நான் சொல்றேன். மூணு வேளையும் சாப்பிடணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா, நான்தான் மாஸ்டருக்கு ட்ரெய்னிங் குடுக்குறேன்."

"மாஸ்டர், என்னை ஏலாதவன்னு நெனச்சுட்டீங்க" என்றார் அந்தோணி. சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் முகம் வாடியிருந்தது. "நீங்க மட்டும் படத்துல நிப்பீங்க. தோட்டக்காட்டான் தொந்தியோட கெடக்கணும். அப்படித்தானே?"

பதில் சொல்ல வாய் திறந்த நேரத்தில் வயிறு பிடித்தது. அந்தப் பிடி எனக்கு நன்றாகத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு வார்டின் கோடிக்கு நடந்தேன், ஓடினால் அங்கேயே முடிந்துவிடும். டொய்லெட் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். "இன்ன, இன்ன" என்று சிங்களத்தில் ஒரு குரல், பொறு என்று. வயிறு பொறுக்கவில்லை.

கதவு திறந்த பிறகு உள்ளே போய்க் கழுவி, மாற்றிக்கொண்டு, பழையதைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினேன். கைகள் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தன. அப்படியே படியிறங்கிப் பஸ் ஏறிவிடலாம் என்று தோன்றியது. வெளிக் கதவு வரைக்கும் போனேன். அங்கிருந்து பார்த்தால் பிலோமினா பார்சலைத் திரும்ப மடிப்பது தெரிந்தது.

திரும்பிக் கட்டிலருகே போனேன்.

"என்னா மாஸ்டர், வேற உடுப்பு?" என்றார் அந்தோணி.

"எனக்கு வயித்துல வருத்தம்" என்றேன்.

"என்னா?"

மெதுவாகச் சொல்லியிருந்தேன். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "எனக்குக் கொடல் முழுக்கப் புண்ணு. ரத்தமாப் போகும். வந்தா அடக்க ஏலாது. இப்பவும் ஏலல, அதான் உடுப்பு. லீவுன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தேன். அந்தப் படத்துல இருக்கிறது ட்ரெய்னிங்ல வந்த ஒடம்பு இல்ல. வருத்தத்துல காஞ்ச ஒடம்பு. நான் சாப்பிடாம இருக்கிறது கிளாஸ் நடுவுல ஓடாம இருக்கிறதுக்கு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெரியவர் என்ன விஷயம் என்று கேட்டார். அந்தோணி என்னைப் பார்த்தபடியே, திகைப்பில், எல்லாவற்றையும் சிங்களத்தில் அவருக்குச் சொன்னார். மாஸ்டருக்கு ரத்தமாகப் போகிறதாம், அடக்க முடியாதாம், இப்போதுகூட ஆகிவிட்டதாம். பெரியவருக்குக் காது மந்தம். அந்தோணி உரக்கச் சொன்னார். அந்த வரிசையில் இருந்த எல்லாக் கட்டிலும் கேட்டது. நான் கையில் பொலித்தீன் பையோடு நின்றேன். பெரியவர், "அபொய்" என்று தலையை ஆட்டினார்.

பிலோமினாதான் முதலில் பேசினார். "நான் அன்னைக்கே சொன்னேன், அவரு மொகத்துல ரத்தமே இல்லைன்னு."

அந்தோணி என் கையில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு, "நான் செத்திருந்தா?" என்றார்.

 "மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. பார்சலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். கடைசிச் சோறு வரைக்கும் சாப்பிட்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

6. அதற்குப் பிறகு

போஸ்டரைக் கழற்றிச் சுருட்டி முதலாளியின் மேசையில் வைத்து, காரணத்தை அவரிடமும் கிளாஸில் எல்லோரிடமும் சொன்னேன்.

"ஐயோ மாஸ்டர், வருத்தம் யாருக்குத்தான் இல்ல? அத ஏன் சொன்னீங்க? ஒட்டும்னு நெனச்சு ஓடிருவாங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கொஞ்சப் பேர் வராமல் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் தரையில் விரிக்கும் மேட்டைப் பையில் போட்டு வீட்டிலிருந்தே கொண்டுவரத் தொடங்கினாள். பேக்கரிக்காரப் பையன் என்னைக் கண்டால் குனிந்து லேஸ் கட்டினான். முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. காலைக் கிளாஸை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்தார்.

அந்தோணி சில வாரம் கழித்துப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். பின் வரிசையில் நின்றார். பழைய பேச்சு இல்லை. முடிந்த பிறகு அருகில் வந்து, "மலைக்குப் போறதுக்கு முன்னால என்னா சாப்பிட்டா நல்லது?" என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "அது கிளினிக்குல கேக்கணும். நானும் வர்றேன்" என்றேன். போனோம். அவர் மலைக்குப் போகும் நேரத்தைக் கேட்டுவிட்டு, மாத்திரையும் சாப்பாடும் எப்போது என்று நர்ஸ் மிஸ்ஸி டாக்டரைக் கேட்டு மாற்றிச் சொன்னார். கிளம்பும் முன் ரொட்டி சாப்பிடாமல் மாத்திரையைத் தொடவே கூடாது என்றார். பஸ்ஸில் அந்தோணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "சரி மாஸ்டர், சனிக்கெழம" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். ஜனங்கள் நம் வாயைவிட நம் உடம்பைத்தான் நம்புகிறார்கள். அந்த உடம்பு எப்படி வந்தது என்பதை அவர்களிடம் மறைக்க நமக்கு உரிமை இல்லை. அடுத்தவனுக்குச் சாப்பாடு எழுதிக் கொடுப்பதும் நம் வேலை இல்லை.

வெட்கம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. புதிதாக யார் வந்தாலும் முதலில் உட்கார வைத்து, என்ன வருத்தம், என்ன மாத்திரை, எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லத் தயங்கும்போது என்னுடையதை முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் காது சூடாகிறது, பார்வை தரைக்குப் போகிறது. சொல்லி முடித்த பிறகுதான் இடுப்பளவு எடுக்க டேப்பைக் கையில் எடுக்கிறேன்.