ஊசிப் பட்டை

டயாலிசிஸுக்காகத் தையல்காரரின் இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். "பிசிறில்லாம தச்சிருக்கான்யா, டாக்டரும் நம்ம ஆளுதான்!" என்று அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீட்டிக் காட்டுவார். தொட்டால் உள்ளே உர்ரென்று அதிரும். அந்த உர் இருந்தால்தான் ஆள் இருப்பார்.

காலையில் கண் விழித்ததும் மனைவியின் கை அங்கேதான் போகும். அந்தக் கையில் கடிகாரம் கூடாது, பை தூக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பஸ்ஸில் யாராவது சாய்ந்துவிட்டால் போச்சு. "ஏங்க, தள்ளி நில்லுங்க! அது கை இல்ல, எங்க குடும்பம்!" என்று கத்துவாள்.

இவ்வளவு காபந்து பண்ணியவர்களுக்கு, அதே மணிக்கட்டில் அவர் கட்டியிருந்த ஊசிப் பட்டை கண்ணில் படவே இல்லை. குண்டூசி குத்தி வைக்கும் பஞ்சு, அடியில் எலாஸ்டிக். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்டுகிறார், அவருக்கு அது தோல் மாதிரி. எலாஸ்டிக் தொளதொளத்து நழுவியதால் அவள்தான் புதிது வைத்துத் தைத்துக் கொடுத்தாள். "நல்லா பிடிக்கட்டும்" என்று ஒரு விரற்கடை குறைத்தே தைத்தாள். அன்றைக்குப் பள்ளிச் சீருடை அவசரம். பொழுதுக்கும் அவர் அதைக் கழற்றவில்லை.

மறுநாள் காலை அவள் தொட்டாள். அழுத்தித் தொட்டாள். காதை வைத்தாள். ஒன்றுமே இல்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு, மருந்து செலுத்தி, என்னென்னவோ செய்து பார்த்தார்கள். உறைந்த ரத்தம் அசைந்து கொடுக்கவில்லை. இனி டயாலிசிஸுக்கு, போன தடவை சீழ் பிடித்து ஆளையே கொண்டுபோகப் பார்த்த, கழுத்தில் செருகும் அதே குழாய்தான் மறுபடியும். அடுத்து வலது கையில் பார்க்கலாம், ஆனால் அங்கே ரத்தக் குழாய்கள் சன்னம், சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

"கையில ஏதாவது இறுக்கிக் கட்டினீங்களா?"

அவள் பார்வை மணிக்கட்டில் பதிந்திருந்த சிவந்த தடத்தில் போய் நின்றது. ஐயோ, பாவி! வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க டாக்டர்," என்று முந்திக்கொண்டார் அவர். "தூக்கத்துல கை மேல படுத்துட்டேன்."

டாக்டர் திட்டித் தீர்த்தார். தையல்காரர் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க பொய் சொன்னீங்க? நான்தானேங்க..."

"நெசத்தைச் சொன்னா மட்டும் ரத்தம் ஓடிடுமா? விடு. நான் போயிட்டா, அந்தப் பழியோட நீ தனியா இருக்கணும்ல," என்றார்.