சாம்பிராணி போட்ட மீன் சூப்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கீரைக்கட்டுக்கு அடியில் விரால் மீனை ஒளித்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

திருட்டு மீன் இல்லை. காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் வீடு வாடகை வீடு. மாடியில் ஹவுஸ் ஓனர் அம்மா – சுத்த சைவம். திருவாரூரில் வேலை கிடைத்து வீடு தேடியபோது, கைக்குழந்தை என்றதும் மூன்று வீடுகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். இவர் கேட்டது ஒரே கேள்வி. அசைவம் சமைப்பீர்களா? "இல்லைங்கம்மா" என்றேன். பொய்யா? அந்த நிமிடத்தில் நான் எதையும் சமைத்துக்கொண்டிருக்கவில்லையே...

பத்து மாதம் அப்படியே ஓடிவிட்டது. கணவருக்குச் சென்னையில் வேலை. மாதத்தில் இரண்டு முறை வருவார். மற்ற ஞாயிறுகளில் என்னோடு பேசும் பெரியவர்கள் எல்லோரும் போனுக்குள்தான் இருக்கிறார்கள். மாடியில் செருப்புச் சத்தம் நின்றால் எனக்குப் பக்கென்று இருக்கும். காது கொடுத்துக் கேட்கிறாரோ? முட்டை உடைத்தது தெரிந்துவிட்டதோ?

இதற்கு நடுவில்தான் டாக்டர் என் மகள் யாழினியை எடை மெஷினில் நிறுத்தினார். இரண்டு வயதுக்கு எடை போதாது என்றார். மீன் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். நான் அவர் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். வீடு போய்விடும் என்று பயந்து, பிள்ளையின் தட்டில் கை வைத்துவிட்டேனோ?

குழம்பு வைத்தால் தெருமுனை வரை தகவல் போய்விடும். வறுவல் பற்றிக் கேட்கவே வேண்டாம். யூடியூபில் தேடியபோது சௌடர் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் பாலும் வெண்ணெயும் உருளைக்கிழங்கும் போட்டுக் கெட்டியாக வைக்கிற மீன் சூப். புளி இல்லை, தாளிப்பு இல்லை, காரமும் இல்லை. எனக்காகவே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

திருத்துறைப்பூண்டியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "பாலும் மீனும் சேந்தா உடம்புல வெள்ளை வெள்ளையா வரும்டி. படிச்சவதானே நீ?"

படித்தவள்தான். அப்படியெல்லாம் வராது என்றும் படித்திருக்கிறேன். இருந்தாலும்... தேங்காய்ப்பாலுக்கு மாறிவிட்டேன். அது அந்தக் கணக்கில் வராதாம். அம்மாவிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

விடிந்ததும் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன் வாங்கப் போனேன். ஆற்றுப் பாலத்தோரம் அலுமினியக் குண்டானில் விரால் உயிரோடு நெளிந்தது. மீன்கார அக்கா சாம்பலில் புரட்டி அறுத்துக்கொண்டே, குழம்புக்கா வறுவலுக்கா என்றார். சூப்புக்கு என்றேன். அவர் கை நின்றது. "வீட்ல யாருக்கும்மா முடியல?" இந்த ஊரில் விரால் சூப் என்றால் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யாருக்கும் ஒன்றுமில்லை என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரில் ஒருவர் அப்படி விசாரித்து எத்தனை நாளாயிற்று!

வீட்டுக்கு வந்ததும் எல்லா ஜன்னல்களையும் சாத்தினேன். தினமும் காலையில் யாழினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "காக்கா, வா வா" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவாள். அன்றைக்கு அவளை உள்ளறையில் பொம்மைகளோடு உட்கார வைத்து, உஷ் என்றேன். அவளும் உஷ் என்றாள்.

விராலை இஞ்சி, மஞ்சள், மிளகோடு வேகவைத்து, சதையைத் தட்டில் உதிர்த்தேன். விராலில் முள் குறைவுதான். ஆனாலும் மூன்று முறை விரலால் தடவிப் பார்த்தேன். நான்காவது முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. வெண்ணெயில் சின்ன வெங்காயம் வதங்கியதும், தலையும் நடுமுள்ளும் கொதித்த தண்ணீரை வடிகட்டி ஊற்றினேன். மசித்த உருளைக்கிழங்கு. மீன். கடைசியாகத் தேங்காய்ப்பால். மூக்கை நம்ப முடியாமல், கூடத்தில் சாம்பிராணியும் போட்டேன்.

யாழினி மூன்றாவது ஸ்பூனுக்கு வாயைத் திறந்தபோது கதவு தட்டப்பட்டது.

ஹவுஸ் ஓனர் அம்மா. மாடிப்படி இறங்கி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்கம்மா, நல்லா இருக்கா."

அவர் மூக்கு லேசாகச் சுருங்கியது. "மீனா?"

ஆமாம் என்றேன். டாக்டர், எடை, பயம் – எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மனசுக்குள் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை உச்சி வெயில்ல யாரும்மா சாம்பிராணி போடுவா?" என்றார். சிரிக்கவில்லை. "எனக்கு அந்த வாசம் ஆகாது. சொல்லித்தானே வீடு குடுத்தேன்."

கையிலிருந்த ஸ்பூனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"பாப்பா காக்காவக் கூப்புடற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் காப்பி போடணும்னே தோணும். இன்னிக்கு இன்னும் குடிக்கல." படிப்பக்கம் திரும்பினார். "வாசம் வந்தா நான் என் ஜன்னலச் சாத்திக்கிறேன். நீ சாத்தாத."

அவ்வளவுதான். படியேறிப் போய்விட்டார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மீன் இருக்கும் வீட்டுக்குள் எப்படிக் கூப்பிடுவது? ஒரு காப்பியாவது போட்டு மேலே கொண்டுபோயிருக்கலாம். எது சரி என்று யோசித்து முடிப்பதற்குள் மாடிக் கதவு சாத்திக்கொண்டது.

பத்து மாதமாக, என் குற்றத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இந்த ஞாயிறும் அதே சூப். ஜன்னல்கள் திறந்திருந்தன. யாழினி காக்காவைக் கூப்பிட்டாள். கொதி வந்ததும் வாசலுக்குப் போய் மாடியை நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலும் திறந்துதான் இருந்தது.

சாத்த மறந்திருப்பாரோ?