வேதவல்லி சிஸ்டரும் தடுப்பூசி ஃபிரிட்ஜும்

போன செவ்வாய்க்கிழமை ஆவடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. வேதவல்லி சிஸ்டர் மண்ணூர்பேட்டை வீட்டில் காலமாகிவிட்டார். டம்ளரை வைத்துவிட்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. அவரை நினைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

எண்பதுகளில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ், நான் ஜீப் டிரைவர். தடுப்பூசி ஃபிரிட்ஜைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார். ஒருநாள் டாக்டர் தம் தயிர்க் கிண்ணத்தை அதில் வைத்துவிட்டார். "இது ஊட்டு ஃபிரிட்ஜ் இல்ல சார். தொறந்து தொறந்து மூடினா மருந்து கெட்டுப்பூடும்" என்று சிஸ்டர் கிண்ணத்தை அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தார். டாக்டரும் சிரித்துவிட்டார்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு ஜீப்போடு ஃபிரிட்ஜுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டேன். சீரியல் விளக்குக்கு வேறு பிளக் பாயின்ட் இல்லை. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். பொரிகடலை மும்முரத்தில் அதை மறந்தே போனேன். மறுநாள் காலையில்தான் திரும்பச் செருகினேன். அதற்கடுத்த நாள் கோவில்பதாகையில் ஊசி முகாம். அதற்குள் மருந்தெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டதால், யாருக்குத் தெரியப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

முகாமுக்கு என் மனைவியும் எங்கள் கைக்குழந்தைக்கு காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட வந்திருந்தாள். "நம்ம டிரைவர் ஊட்டுக் கொயந்ததான் மொத போணி!" என்று சிஸ்டர் ஊசியை எடுத்தார். ஓடிப்போய்க் குழந்தையின் கையைப் பொத்தினேன்.

"வேணாம் சிஸ்டர்! பூஜையன்னிக்கு பிளக்கைப் புடுங்கிட்டேன்!"

சிஸ்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"இப்போ ஜில்லுனுதான் கீது..." என்று இழுத்தேன்.

"பால் கெட்டா திரிஞ்சு காட்டிக் குடுக்கும் நைனா. மருந்து காட்டிக் குடுக்காது. ஊசி போட்டாச்சுன்னு நாம தெகிரியமா இருப்போம். என்னிக்கோ கொயந்தைக்கு டி.பி. மூளைக்காய்ச்சல் வரசொல்லத்தான் தெரியும்."

அந்த மருந்து ஒன்றைக்கூட அவர் பயன்படுத்தவில்லை. தாய்மார்களை உட்காரவைத்துவிட்டு, புது மருந்து வாங்க என்னோடு பூந்தமல்லிக்குக் கிளம்பினார். வழியில் கேட்டார்: "மொத கொயந்த உன்னுதா இல்லாங்காட்டி வாயத் தொறந்திருப்பியா?"

கியரை மாற்றினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. மதியத்துக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் நல்ல மருந்து போட்டு முடித்தார். பதிவேட்டில், 'பிளக் பிடுங்கப்பட்டிருந்தது. டிரைவரே முன்வந்து தெரிவித்தார்' என்று எழுதினார். என் வேலை தப்பியது அந்த இரண்டாவது வரியால்தான்.

பிறகு, அன்று ஊசி போட்ட என் மகளை எங்கே பார்த்தாலும் சட்டைக் கையைத் தூக்கி ஊசித் தழும்பைப் பார்ப்பார். "நம்ம முத்திரை பத்திரமா கீதா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சிரிப்பார்.

மண்ணூர்பேட்டையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாசல் கொள்ளாத தாய்மார் கூட்டம். கால்மாட்டில் உட்கார்ந்து, "வாயத் தொறந்திருக்க மாட்டேன் சிஸ்டர்" என்றேன்.

"இன்னாப்பா சொல்ற?" என்றாள் பக்கத்தில் நின்ற என் மகள். அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த முகாமில் குழந்தைகளோடு காத்திருந்த அம்மாக்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "முத்திரை பத்திரமா கீதா?" என்று சிஸ்டர் மாதிரியே கேட்டுச் சிரித்துவிட்டாள், எல்லோரும் சிரித்தோம். சிஸ்டர், சிரிப்போடுதான் உங்களை அனுப்பினோம். போய் வாருங்கள்.